மண்டித் தராசில் மதலேனம்மாள்

குன்னத்துக்குப் போகும் சாலையில், பருத்திக் காடுகளுக்கு நடுவே மதலேனம்மாளின் வீடு இருக்கிறது. அவளுக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் நாலு பிள்ளைகள். மூத்த இரண்டும் அவள் அக்காள் பெற்றவை. இளையவை இரண்டும் அவளுடையவை. பிள்ளைகளை ஆங்கிலத்தில்தான் திட்டுவாள். அக்கம்பக்கத்துக்கு அது புரியாது என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அரியலூருக்கு வெளியே, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் இருவரும் படித்தோம். சுற்றுப்பட்டில் வேறு மேல்படிப்பு இல்லாததால் ஊரார் அதைக் காலேஜ் என்றே சொன்னார்கள். நான் படிப்பை முடித்து வடக்கே போன மறு வருஷம், 1943 டிசம்பரில் நடந்தது இது. இந்த வருஷம் திரும்பி வந்ததும் அவளைத் தேடிப் போனேன். அவள் சொன்னதையும், பள்ளியில் சமையல் வேலை பார்த்த சின்னம்மாள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மதலேனம்மாளுக்கு அரைச் சம்பளப் படிப்பு, அதாவது பாதிக் கட்டணம். மீதிக்கு வேலை செய்து கழிக்க வேண்டும். காலை ஜெபம் முடிந்து மற்ற பெண்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அரைச் சம்பளப் பெண்கள் சமையல்கட்டில் கம்பு புடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில்தான் பள்ளியை நடத்தும் மதர் அறிவிப்புகளை வாசிப்பார். யுத்த காலம்; காகிதம் கிடைக்காததால் எதையும் எழுதி ஒட்டுவதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை எப்போது, தையல் பரிசு யாருக்கு, எந்த ஊரில் வேலை காலி என்பதெல்லாம் டிசம்பரில்தான் வரும். அரைச் சம்பளக்காரிகள் அவற்றைத் தங்கள் பந்தித் தலைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு ஆறு ஆறு பேராக உட்காருவது ஒரு பந்தி. மதலேனம்மாளின் பந்திக்குத் தலைவி லூர்தம்மாள். அரியலூர் டவுனில் ஜவுளிக் கடைக்காரர் மகள். மதலேனம்மாளைவிட இரண்டு வயது மூத்தவள், நல்ல உடம்பு. வகுப்பில் இரண்டாவது மார்க்கு அவளுடையது. முதல் மார்க்கு மதலேனம்மாளுடையது.

அன்று மத்தியானம் கிணற்றடியில் மதலேனம்மாள் கேட்டாள்.

"லூர்தக்கா, காலைல மதர் என்ன வாசிச்சாங்க?"

"ஒனக்குத்தான்டி அடிச்சிருக்கு. பட்டணத்து ஆஸ்பத்திரியில நர்சு படிப்புக்கு இங்கேருந்து ஒரே ஒரு பொண்ணு வேணுமாம். சாப்பாடு, துணி எல்லாம் சும்மா. லீவுக்கு முன்னாடி டாக்டரம்மா வந்து பாத்து எடுத்துக்குவாங்களாம்."

"என்னென்ன கேட்டிருக்காங்க?"

"மார்க்கு, இங்கிலீசு, நல்ல நடத்தை."

"அவ்ளோதானாக்கா?"

"வேற என்ன வேணும் ஒனக்கு? மூக்கு நீளத்தையா பாப்பாங்க?"

மதலேனம்மாள் அங்கேயே ஈரக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் அக்காள் புரட்டாசியில் பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். இரண்டு குழந்தைகளோடு நிற்கும் அத்தானுக்கு இவளைக் கட்டுவது என்று அப்பா பிலவேந்திரன் வாக்குக் கொடுத்துவிட்டார். கிறிஸ்துமசுக்கு முந்தைய ஆகமன காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் தை வரை தள்ளி வைத்திருந்தார்கள். அத்தானுக்கு நாற்பது வயது. குடிப்பார். அக்காளை அவர் அடித்ததை இவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். இடம் கிடைத்தால் மதரே பட்டணத்துக்கு அனுப்பி வைப்பார். மதர் சொல்லுக்கு எதிராக வாய் திறக்க அப்பாவுக்குத் துணிச்சல் வராது. இது ஒன்றுதான் வழி.

"மாதாவுக்கு ஒரு மெழுகுத்திரி நேந்துக்கிறேன்," என்றாள்.

"மெழுகுத்திரியா? இவ்ளோ பெரிய காரியத்துக்கு மாதா மெழுகுத்திரிக்கா மசியும்?" லூர்தம்மாள் சிரித்தாள். "ஒருசந்தி இரு. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரே வேளை. ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேந்துக்கிட்டு இரு. அப்பறம் பாரு."

மதலேனம்மாள் ஒருசந்தி இருந்தாள். மத்தியானம் மட்டும் சாப்பாடு. காலைக் கஞ்சியையும் ராத்திரிக் களியையும் தொடவில்லை. பஞ்சம் தலைகாட்டிய வருஷம் அது. அரிசி ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் கம்பும் கேழ்வரகும். ஆளுக்கு ஒரு கரண்டி என்று அளந்துதான் போடுவார்கள். ஒரு பந்திக்கு ஆறு கரண்டி. ஒருத்தி சாப்பிடாவிட்டால் அவள் பங்கை மற்ற ஐந்து பேரும் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் தயங்கினார்கள். மூன்றாம் நாள் ஜெபம் முடியும் முன்பே ஒருத்தி கையை நீட்டினாள்.

"மதலேனு உண்மையிலேயே அர்ச்சியசிஷ்டவதிடி," என்றாள் கிருஷ்ணம்மாள் என்ற பெண், களியை விழுங்கிக்கொண்டே. அவள் கிறிஸ்தவள்கூட இல்லை.

"அவ மோட்சத்துக்குப் போவா. நாம அவ களிய தின்னுபுட்டு நரகத்துக்குப் போவோம்," என்றாள் இன்னொருத்தி. ஐந்து பேரும் சிரித்தார்கள். மதலேனம்மாளும் சிரித்தாள்.

அறிவிப்பில் நாலாவதாக ஒன்று இருந்தது. நோயாளியைத் தூக்கிப் புரட்ட வேண்டிய வேலை என்பதால், தொண்ணூறு ராத்தல் எடைக்குக் குறைந்த பெண்ணை எடுக்கமாட்டார்கள் என்று மதர் இரண்டு தடவை வாசித்திருந்தார். ஐந்து பேர் காதிலும் அது விழுந்திருந்தது. லூர்தம்மாளுக்கு இடம் வேண்டும். மற்ற நாலு பேருக்கும் களி வேண்டும். யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்யவில்லை. பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். கண்காணிக்கும் சிஸ்டர் கேட்கும்போதெல்லாம் லூர்தம்மாள், "எல்லாரும் சாப்பிட்டாச்சு சிஸ்டர்," என்று சொல்லிவிடுவாள்.

டாக்டரம்மா திருச்சியிலிருந்து காலை ரயிலில் வந்தாள். மார்க்குப்படி முதல் மூன்று பேரைக் கூப்பிட்டு மண்டபத்தில் வைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாள். மதலேனம்மாள் தடுமாறாமல் பதில் சொன்னாள். காயத்தை எப்படிக் கழுவுவாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு டாக்டரம்மா மதரைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாளாம். இதைச் சொல்லும்போது இப்போதும் மதலேனம்மாளின் முகம் ஒரு கணம் மாறுகிறது.

வெளியே வந்தபோது முற்றத்தில் மூன்று மரக்கழிகளைக் கூட்டிக் கட்டித் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளியில் ஆளை நிறுக்கும் கருவி இல்லை. கடலை மண்டியிலிருந்து தராசையும் இரும்புக் கல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு எடையாள் குழந்தைவேல் வந்திருந்தான்.

"அண்ணே, இது எதுக்கு?" என்று கேட்டாள் மதலேனம்மாள்.

"ஒங்களத்தான் தாயி நிறுக்கணும். தொண்ணூறு ராத்தலு வேணுமாம்ல. அந்தத் தட்டுல கல்லு வச்சாச்சு. இந்தத் தட்டு எறங்குனா பட்டணம். எறங்கலன்னா மண்டி."

அவள் சமையல்கட்டுக்கு ஓடினாள். சின்னம்மாள் சொன்னது: "மூஞ்சியில ரத்தமே இல்லீங்க. 'என்னடி'ன்னு கேட்டா, 'தண்ணி எறச்சுக் குடு'ங்குது. எறச்சுக் குடுத்தேன். குடம் பாதிக்கு மேல குடிச்சிருச்சு. வயித்தப் புடிச்சிக்கிட்டு, 'இன்னும் குடு'ங்குது. மாடுகூட அப்படிக் குடிச்சுப் பாத்ததில்ல நான்."

தராசில் முதலில் லூர்தம்மாள் உட்கார்ந்தாள். தட்டு தொப்பென்று தரையில் மோதியது. மூன்றாவது பெண் ஏறியும் தட்டு இறங்கவில்லை. அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். பிறகு மதலேனம்மாள் பலகையில் ஏறிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். தட்டு ஆடியது. நின்றது. மெதுவாக, மிக மெதுவாகத் தரையைத் தொட்டது.

"எறங்கிருச்சு தாயி," என்றான் குழந்தைவேல்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தாள்.

"டாக்டரம்மா," என்றாள் லூர்தம்மாள், கையைக் கட்டிக்கொண்டு மிக மரியாதையாக. "அவ இப்பத்தான் கிணத்தடியில குடம் தண்ணி குடிச்சிட்டு வந்தா. ரவிக்கையெல்லாம் நனஞ்சிருக்கு, பாருங்க."

குழந்தைவேல் தொடையில் தட்டிச் சிரித்தான். "கடலைல தண்ணி தெளிச்சு எடை கூட்டிக் கொண்டாருவானுங்க, பாத்திருக்கேன். பொண்ணுலயும் நனைச்ச கடலை உண்டா!"

முற்றத்தில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பின்பக்கம் போய்விட்டு வா," என்றாள்.

"எனக்கு வரலீங்க," என்றாள் மதலேனம்மாள்.

"அப்படியா? உட்கார். எனக்கு ரயிலுக்கு நேரமிருக்கிறது."

வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் அவளை உட்கார வைத்தார்கள். மதர் எதிரே நாற்காலியில் அமர்ந்து ஜெபப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். டாக்டரம்மா காப்பி குடித்தாள். பெண்கள் கலைந்து போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. மதலேனம்மாள் முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள். டாக்டரம்மா ரயிலேறும் வரை தாங்கிவிட்டால் போதும்.

கிறிஸ்துமசுக்காக வராந்தா நெடுகப் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். லூர்தம்மாள் ஒரு செம்பை எடுத்து வந்தாள். பெஞ்சுக்கு அருகில் இருந்த தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். செம்பைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, நூல் மாதிரி ஊற்றினாள். செம்பு காலியானதும் மறுபடி மொண்டு வந்தாள்.

"செடி வாடிப்போச்சுடி," என்றாள் பொதுவாக.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிருஷ்ணம்மாள் இன்னொரு செம்போடு வந்தாள். பிறகு மூன்றாமவள். தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து பெஞ்சுக்கடியில் ஓடியது. மதர் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

மதலேனம்மாள் கண்களை மூடிக்கொண்டாள். உதடுகள் வேகமாக அசைந்தன. பிறகு அசைவது நின்றது.

பெஞ்சின் ஓரத்திலிருந்து முதலில் சொட்டியது. அப்புறம் ஓடியது. சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தது யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சின்னம்மாள் தன் புடவை ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்து, சமையல்கட்டில் மாற்றிக்கொள்ளச் செய்தாள். அதோடு விடவில்லை, மறுபடியும் தராசில் ஏற்றினார்கள். தட்டு இறங்கவில்லை. அவள் கால்கள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. குழந்தைவேல் எதிர்த்தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தான். தட்டு உடனே இறங்கியது. "ஒரே வீசைதாங்க கொறையுது, மூணு ராத்தலு," என்றான்.

"இந்த உயரத்துக்கு இவ்வளவு இளைப்பு ஏன்?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"ஒருசந்தி இருந்தேங்க. இந்த எடம் கெடைக்கணும்னு."

மதர் புத்தகத்தை மூடினார். "ஒருசந்தியா? இருபத்தொரு வயது ஆகாதவளுக்கு யார் விதித்தது? பங்குச் சாமியாரிடம் உத்தரவு கேட்டாயா?"

"இல்லீங்க மதர்."

"அப்படியானால் அது பக்தி இல்லை. அகங்காரம்."

"எடை கேப்பாங்கன்னு லூர்தக்கா எனக்குச் சொல்லலீங்க மதர். ஒருசந்தி இருக்கச் சொன்னதே அவங்கதான்."

"மூணு வாரமா இவ பட்டினி கெடந்தது எனக்குத் தெரியவே தெரியாதுங்க மதர்," என்றாள் லூர்தம்மாள். "வேணும்னா பந்தியக் கேளுங்க."

மதர் பந்தியைக் கேட்டார். நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொன்னால் தின்ற களிக்கு யார் பதில் சொல்வது? டாக்டரம்மா லூர்தம்மாளின் பெயரை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாள்.

அன்று மாலை மதலேனம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் ராத்திரிக் களிக்குத் தட்டெடுத்தது அதுதான் முதல் தடவை. ஐந்து தட்டிலும் களி இருந்தது.

"ஐயோ, மறந்துட்டோம்டி," என்றாள் கிருஷ்ணம்மாள். "நீ ஒருசந்தில்ல?"

"இந்நேரம் மாதா வயித்த நெறச்சிருக்கும்," என்றாள் லூர்தம்மாள். "இல்ல, தண்ணிதான் நெறயக் குடிச்சாச்சே!"

லீவு விட்ட அன்று பிலவேந்திரன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் காத்திருந்த பெண்களுக்கு நடுவே மதலேனம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "நனைச்ச கடலை போவுதுடி," என்று ஒரு குரல் கேட்டது. அப்பா அதை என்னவென்று கேட்கவில்லை.

"டாக்டரம்மா வந்துச்சாமே. என்ன சொல்லுச்சு?"

"எடை பத்தலையாம்ப்பா."

பிலவேந்திரன் கொஞ்ச நேரம் சிரித்தார். நுகத்தடியைச் சரி செய்துவிட்டு மறுபடியும் சிரித்தார். நல்ல செய்தி கேட்ட மனுஷனின் சிரிப்பு அது என்கிறாள் மதலேனம்மாள்.

"மாப்ள எடையெல்லாம் பாக்க மாட்டாரு. ஏறு."

ஒருசந்தி இருந்ததை வழியில் அவரிடம் சொன்னாள். கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பசிக்கிறது என்றாள். அவர் நாலு வடை வாங்கி வந்தார். கிறிஸ்துமசுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வழிபோகிறவர்கள் பார்க்க, வண்டியில் உட்கார்ந்து நாலையும் தின்றாள். இன்னும் நாலு கேட்டாள்.

"மாதாவுக்கு நேந்துக்கிட்டேன்னியே?"

"எதுக்கு நேந்துக்கிட்டேன்னு அதுக்குத் தெரியும். வாங்கிட்டு வாங்க."

தையில் கல்யாணம் நடந்தது. மாசியில் அத்தான் முதல் தடவை கை நீட்டினார். லூர்தம்மாள் பட்டணத்தில் எட்டு மாதம்தான் இருந்தாள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று திரும்பி வந்துவிட்டாள். அந்த இடத்துக்கு அந்த வருஷம் வேறு யாரையும் எடுக்கவில்லை. அதை என்னிடம் சொல்லும்போது மதலேனம்மாள் பருத்தியிலிருந்து விதையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல்கள் நிமிரவில்லை. ஒடிந்ததை யாரும் கட்டுப் போடாமல் விட்டால் அப்படித்தான் ஆகும்.

"நானே கட்டியிருப்பேன்," என்றாள். "ஒத்தக் கையால முடியல."