கேஸ் மாத்திரை டப்பா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்து மூன்று வயது. எந்தக் காலி டப்பாவையும் தூக்கிப் போடமாட்டார். பவுடர் டப்பாவில் திருகாணி இருக்கும், இருமல் மருந்துப் பாட்டிலில் எண்ணெய் இருக்கும். மேலே என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அவருக்கு மனப்பாடம். அடுத்தவருக்கும் தெரியவேண்டுமே என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவே இல்லை.

போன வருடம் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு மனைவி தனிக் கட்டிலில் படுக்கத் தொடங்கினாள். அவளும் காரணம் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தான் ஒன்றுக்கும் உதவாதவன் ஆகிவிட்டதாக இவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஃபோனில் விளம்பரம் பார்த்து ஆண்மைக்கான மூலிகை கேப்சூல் வரவழைத்தார். பக்கவிளைவே கிடையாது என்று போட்டிருந்தது. போட்டவனுக்கு என்ன, கையா வலிக்கும்? டாக்டரிடம் கேட்க வெட்கம். வந்ததைக் காலி கேஸ் மாத்திரை டப்பாவில் கொட்டி அலமாரியில் வைத்தார்.

இரண்டாம் நாளே முகம் குப்பென்று சிவந்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது. லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்க்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில்தான் காரணம் என்றார், வெயிலே படாத இடத்தில் நின்றுகொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றை விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அடைத்தது. மனைவி பதறிப்போய் அலமாரி டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து, "கேஸாத்தான் இருக்கும், முழுங்குங்க" என்று வாயில் போட்டாள். தண்ணீர் குடித்த பிறகுதான் டப்பா அவர் கண்ணில் பட்டது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "வீரியத்துக்குன்னு ஏதாவது சாப்பிட்டீங்களா? மூலிகைன்னாலும் சொல்லுங்க."

பக்கத்தில் மனைவி நின்றாள். "இல்லம்மா" என்றார்.

நெஞ்சு வலிக்காக நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மாத்திரையோடு நர்ஸ் வந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "சில கேப்சூல்ல சொல்லாம வேற மருந்தக் கலந்துடறாங்க. அதோட இதையும் வச்சா பிரஷர் கிடுகிடுன்னு இறங்கி உயிருக்கே ஆபத்து."

இவர் வாயை இறுக மூடிக்கொண்டார். உயிரைவிடப் பெரிதாம் மானம்!

"நான் குடுத்த ரெண்டு கேஸ் மாத்திரைதான் டாக்டர், வேற ஒண்ணும் சாப்பிடல" என்றாள் மனைவி.

பழி அவள் தலையில் விழப்போகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அது கேஸ் மாத்திரை இல்லம்மா. நீங்க கேட்ட கேப்சூல்தான். மூணு உள்ள போயிருக்கு."

நர்ஸ் கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார். ஒரு நாள் முழுக்க அந்த மாத்திரையைக் கிட்டே கொண்டுவரக் கூடாது, வேறு மருந்துதான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வெளியே ஓடினார்.

"என் கையாலயே குடுத்திருக்கேனே" என்றாள் மனைவி. "எதுக்குங்க இது உங்களுக்கு?"

"நீதான் தள்ளிப் படுத்துட்டியே."

"உங்க நெஞ்சு தாங்காதேன்னு பயந்துதாங்க தள்ளிப் படுத்தேன்."