இருநூறு எம்பிபிஎஸ்ஸும் ஓர் உளுந்து டின்னும்

எனக்குக் கோபம் வந்தால் ஒரத்தநாடு பஸ்ஸில் ஏறிவிடுவேன். நான் கோபப்பட வேண்டிய ஆபீஸ்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. போன மாசியில் மட்டும் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் பிராட்பேண்ட் ஆபீஸுக்கு.

காரணம் என் பேத்தி. மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மகளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. லீவு முடிந்ததும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள், ஆனால் மீட்டிங் நடுவில் லைன் அறுந்து அறுந்து போனால் ஆபீஸுக்கே வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. எனக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். நெட் நன்றாக இருந்தால் குழந்தை எங்கள் வீட்டில், இல்லாவிட்டால் சென்னையில். பேத்திக்கு அப்போது பிறந்து எட்டாம் மாதம். கூடத்தில் அடுக்கியிருந்த நெல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, நின்றுவிட்ட அதிசயத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையைச் சென்னைக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

நெல் மூட்டை என்றதும் எலியைச் சொல்ல வேண்டும். தை அறுப்பு முடிந்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் ஊருக்குள் குடிவந்துவிடும். கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரும்வரை மூட்டைகள் வீட்டில்தான் கிடக்கும், எலிகளும் கூடவே கிடக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் நெட் பெட்டிக்குப் போகிற வயரைக் கடித்து வைத்திருந்தது. வயரை மாற்றினேன். இனி விடக்கூடாது என்று, விதை உளுந்து போட்டு வைக்கும் பெரிய தகர டின்னை எடுத்தேன். அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்தாயிற்று, டின் காலிதான். பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு வயரை நுழைத்து, பெட்டியை உள்ளே வைத்து, அழுத்தி மூடினேன். வாசல் பக்கத்து அலமாரியில் அது கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. தொட்டால் லேசாகச் சூடாக இருக்கும். நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் மகளின் வேலை ஆரம்பித்தது. முதல் நாளே பதினோரு மணிக்குப் பின்கட்டு அறையிலிருந்து வெளியே வந்து, நெட் போய்விட்டது என்றாள். நான் அலமாரி ஓரம் நாற்காலி போட்டு போனில் வானிலை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அரைகுறையாகவாவது வந்தது. ஆக, வருகிற அளவு போதவில்லை, வாசலோடு தீர்ந்துவிடுகிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிளானை மாற்றினால் சரியாகிவிடும் என்றேன். "வேணாம்ப்பா, இதுவே போதும்" என்றாள் மகள். அப்பன் காசுக்குப் பார்க்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

எங்களுடையது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை நிலம். முப்பது வருடமாக ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் எழுந்து நின்று, மேலே கூடுதலாகத் திறந்துவிடுங்கள், அப்போதுதான் எங்களுக்கு எட்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறவன் நான். நெட்டுக்கும் அதே நியாயம்தான் என்று நினைத்தேன். நாற்பது எம்பிபிஎஸ் வேகத்தை நூறாக்கச் சொன்னேன். ஆபீஸில் இருந்த பெண் சந்தோஷமாக மாற்றிக் கொடுத்தாள்.

நூறு வந்தது. அலமாரி ஓரம் என் வீடியோ கொஞ்சம் துள்ளிக்கொண்டு ஓடியது. பின்கட்டில் மகளின் திரையில் அவள் மேனேஜர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். அடுத்த பஸ்ஸில் போய் இருநூறாக்கினேன். அப்போதும் மகள் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். மேனேஜர் இந்தத் தடவை கண்ணை மூடியபடி உறைந்தார். போனிலிருந்து நெட் எடுக்கலாம் என்றால் எங்கள் தெருவில் டவர் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஒரு வாரத்தில் லைன் சரியாகாவிட்டால் சென்னைக்கு வந்துவிட வேண்டும்.

மூன்றாவது தடவை ஆபீஸில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவேன் என்றுகூடச் சொன்ன ஞாபகம். மறுநாள் காலை லைன் பார்க்கிறவரை அனுப்பிவிட்டார்கள். என் வயதுக்காரர், அவரும் விவசாயம் பார்க்கிறவர். கம்பத்திலிருந்து வயரைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு வந்தவர், அலமாரி முன்னால் நின்றுவிட்டார்.

பெட்டி எங்கே என்று கேட்டார். டின்னைக் காட்டினேன். ஏன் என்றார். எலி என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய மனசு. டின்னைத் திறந்து பெட்டியை எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்து, போனை எடுத்துக்கொண்டு மூட்டைகளைச் சுற்றிப் பின்கட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். போன் திரையில் நெட் வேகம் காட்டுகிற முள் விர்ரென்று ஏறியது. திரும்பி வந்து பெட்டியை மறுபடி உள்ளே வைத்து மூடிவிட்டுப் பின்கட்டுக்குப் போனால் முள் படுத்துக்கொண்டது.

"ஆத்துல எவ்வளவு வந்தா என்னங்க, வயலுக்குப் பாயுற வாய்மடையையில்ல அடைச்சு வச்சிருக்கீங்க" என்றார். தகரத்துக்குள் வைத்தால் எந்த வேகமும் வெளியே வராதாம். வேகமான பிளான் பெட்டி வரைக்கும்தான் வேகம், அதற்கப்புறம் வீட்டுக்குள் பரவுவது பெட்டி இருக்கிற இடத்தைப் பொறுத்தது என்று விளக்கினார். எங்கள் வீட்டுக்குப் பழைய நாற்பதே தாராளம் என்றும் சொன்னார். எலிக்கு வழி? பெட்டியை மறுபடி மேல்தட்டில் எடுத்து வைத்து, வயரைப் பிளாஸ்டிக் பைப்புக்குள் விடச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் இன்னொரு பக்கம். பேத்தி எங்கேயும் போகப்போவதில்லை. பின்கட்டுக்கு ஓடிப்போய், லைன் சரியாகிவிட்டது, கம்பெனிக்கு மெயில் போடு என்று மகளிடம் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜினியரிங் படித்த பெண். தினமும் நாலு தடவை அந்த அலமாரியைத் தாண்டிப் போகிறவள்.

"டின்னுதான் காரணம்னு உனக்குத் தெரியும்ல?"

"நீங்க உள்ள வச்ச அன்னைக்கே தெரியும்ப்பா."

அவளே தொடர்ந்தாள். "எனக்கு ஆபீஸ் போகணும்ப்பா. அங்கயே குழந்தைய விட இடம் இருக்கு. நானா கெளம்புறேன்னு சொன்னா, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இவளுக்கு என்ன அவசரம்னு கேப்பீங்க. கம்பெனி கூப்புடுதுன்னா யாரும் கேக்க மாட்டீங்க."

வலித்தது. இத்தனை நாள் என் வீட்டில் அவள் இப்படி ஒரு சாக்குக்காகக் காத்திருந்தாள் என்பது வலித்தது. கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டிருப்பேன். அதே வார்த்தைகளில் கேட்டிருப்பேன். அவள் அம்மாவும் கேட்டிருப்பாள், தெருவும் கேட்டிருக்கும்.

எப்போது போக வேண்டும் என்றேன். திங்கட்கிழமைக்குள் போனால் நல்லது என்றாள். மெயிலை என்ன செய்வது என்று கேட்டாள். லைன் சரியாகிவிட்டது, ஆனாலும் நானே வருகிறேன் என்று எழுதச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் போனில் ரயில் டிக்கெட் போட்டேன். போக இரண்டு, நான் திரும்பி வர ஒன்று. குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை. வேறு நாளாக இருந்தால் நெட்டுக்காகக் காத்திருக்கிற அந்த வட்டம் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும், நானும் மனசு மாறியிருப்பேன். அன்றைக்கு டிக்கெட் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.