தெருப் பெயரோடு ஒரு லிஸ்ட்

போன மாதம் பத்தே நிமிஷத்தில் ஒரு லிஸ்ட் போட்டேன். என் மகள் சாருவின் வகுப்பாசிரியை வாட்ஸ்அப்பில் மூன்று கைகூப்பல் அனுப்பினார். எனக்கு ஒரே பெருமை!

விஷயம் இதுதான். வேலூரில் ஒரு மையம். இனப்படுகொலைகள் பற்றியும் மதச் சிறுபான்மையினர் பற்றியும் ஆராய்கிற, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம். ஒன்பதாம் வகுப்பை அழைத்திருந்தார்கள். பஸ், சாப்பாடு எல்லாம் இலவசம்.

அழைப்புக் கடிதத்தில் 'சிறுபான்மையினர்' என்று பார்த்ததுமே எங்கள் ஆம்பூர் பள்ளிக்கு மைனாரிட்டி ஸ்காலர்ஷிப் ஞாபகம் வந்துவிட்டது; இதுவும் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆசிரியை போன் செய்தார்.

"மேடம், மைனாரிட்டி பசங்க லிஸ்ட் ஒண்ணு வேணும். நீங்கதான் பேரண்ட்ஸ் ரெப்... உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே!"

தெரியும்தான். ரம்ஜானுக்கு எந்த வீட்டுப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு எந்த வீட்டுக் கேக் வரும் - எனக்கா தெரியாது? ஷூ கம்பெனியில் ஷிப்ட் லிஸ்ட் போடுகிறவள் நான். பெயர், அப்பா பெயர்... பஸ் நிற்க வசதியாக இருக்கட்டுமே என்று தெருப் பெயரையும் சேர்த்தேன்.

"அவங்களுக்கு மட்டும் டூரா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" என்று குதித்தாள் சாரு. நான் சிரித்தேன்.

துணைக்கு நானும் போனேன். பதினெட்டுப் பிள்ளைகள். மையத்தில் எங்களை வரவேற்ற பெண் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மீதிப் பசங்க எங்க?"

"மைனாரிட்டி மட்டும்தானே?" என்றார் ஆசிரியை.

"மொத்த கிளாஸையும்தானே கூப்பிட்டோம்?" என்றார் அந்தப் பெண், பதினெட்டுப் பேரையும் உள்ளே அழைத்துக்கொண்டே.

உள்ளே, கண்ணாடிப் பெட்டியில் ஒரு பழுப்புத் தாள். வேறு நாடு, வேறு மொழி. வரிசையாகப் பெயர்கள். பக்கத்திலேயே தெருக்கள்.

"இத எழுதுனது போலீஸ் இல்ல, பட்டாளம் இல்ல. அதே ஊர்க்காரர்தான். எல்லாரையும் தெரிஞ்சவர்" என்றார் அந்தப் பெண். அதிலிருந்தவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லையாம்.

 

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய்க் கத்தினேன். மொத்த வகுப்பையும் அனுப்புங்கள் என்றேன்.

"ஃப்ரீயா கூட்டிட்டுப் போனோம், இதுல இன்னா தப்பு மேடம்? நம்ம பசங்களுக்கு அது எதுக்கு? சிலபஸே முடியல..."

'நம்ம' பசங்களா? அப்படியானால் பஸ்ஸில் ஏறிய பதினெட்டுப் பேர் யார்? கொல்லப்பட்டவர்களின் கதையைச் சொல்லி, அவர்களைப் போலவே சிறு கூட்டமாக வாழ்கிற பிள்ளைகளை மட்டும் நடுங்கவைக்க ஒரு பஸ் வேண்டுமா? பார்த்தே தீர வேண்டியவர்கள் வகுப்பில் உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தார்கள்!

சரி, அவரைத் திட்டிவிட்டேன். என்னை யார் திட்டுவது? கேட்டார்கள், கொடுத்தேன். கேட்காத தெருப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

ஞாயிற்றுக்கிழமை நஸ்ரின் வீட்டுக்கு வந்தாள். சாருவுக்கு யூகேஜியிலிருந்தே தோஸ்த்; பஸ்ஸில் வந்த பதினெட்டுப் பேரில் ஒருத்தி. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஆன்ட்டி... பஸ்ல மிஸ் கைல இருந்த எங்க லிஸ்ட்ட யாரு எழுதுனது?"

தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நான்தாம்மா."

"அதானே பார்த்தேன்!" என்று சிரித்தாள். "எங்க தெரு பேரு கரெக்டா போட்டிருந்துச்சு."