உத்தரம் தாண்டி நிமிர்ந்தவன்

என் தம்பி ராஜபாண்டி ஆறடி ஒன்பது அங்குலம். எங்கள் வீட்டு வாசல் ஐந்தடி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவனைப் பற்றிச் சொன்னதாக ஆகும். வாசலை விட்டுவிட்டு அவனை மட்டும் புகழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது வீடு. ஒரே அறை, மேலே பரண். வாசல் நிலையைத் தாண்டியதுமே பரணைத் தாங்கும் உத்தரம். அதனால் வருகிறவர் குனிய வேண்டும், குனிந்தபடியே ஓர் அடி வைக்க வேண்டும், ஒரு மூச்சு பொறுத்து அப்புறம்தான் நிமிர வேண்டும். வாசல்தான் தாண்டியாயிற்றே என்று அவசரப்பட்டு நிமிர்ந்தவருக்கு உச்சந்தலையில் ஒன்று விழும். வாசலில் ஆள் நிழல் தட்டினாலே நாங்கள் எல்லோரும் "தலை!" என்று கத்துவோம். விருந்தாளிக்கு எங்கள் வரவேற்பே அதுதான். அம்மா பேராச்சி ஐந்தடி கூட இல்லை, குனியத் தேவையே இல்லை. ஆனாலும் குனிந்துதான் வருவாள். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனாலும் அந்தப் பெரிய வாசலில் குனிந்துதான் நுழைவாள்.

ராஜபாண்டி மளமளவென்று வளர்ந்தான். "மேல மழை பேயுதாலே?" என்று சந்தில் ஒவ்வொருத்தனும் கேட்டான். கேட்டவர்களில் இரண்டு பேருக்காவது என் செருப்பு எத்தனையாம் நம்பர் என்று தெரியும். அப்பா வெயிலுமுத்து பெல்ட் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். நான் நஜிமுதீன் பாயின் தையல் பட்டறையில் சூப்பர்வைசர். தம்பி அங்கிருந்து தாதர் கடைகளுக்குத் துணி மூட்டை சுமந்தான். வழியில் மாதுங்காவில் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களை மூட்டையோடு நின்று வேடிக்கை பார்த்தவனை ஒரு நாள் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த உயரத்தை யார் விடுவார்கள்? அப்புறம் மாநில அணியில் ஆடினான், ஒரு கம்பெனி அணியில் வேலையும் கிடைத்தது.

போன வருஷம் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஆண்களுக்கான பெரிய லீக்குக்கு அடுத்த படியில் இன்னொரு தேசிய லீக் நடக்கிறது. அதில் ஆடும் ஓர் அணி அவனைச் சோதனைக்குக் கூப்பிட்டது. சில ஆட்டங்கள் பார்ப்பார்கள், பிடித்துப்போனால் சீசன் முழுக்க ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் கையில் டிக்கெட். கம்பெனியில் லீவு தர மாட்டோம் என்றார்கள். வேலையை விட்டுவிட்டுத்தான் ஏறினான். தோற்றுத் திரும்பினால் மறுபடியும் தாதர் மூட்டைதான்.

அங்கே போய் அவன் மாட்டிக்கொண்டது எதில் தெரியுமா? குனிவதில்! கூடைக்குக் கீழே போனதும் மற்றவர்கள் எல்லாம் மேலே எம்புவார்கள், இவன் முதலில் தலையைக் குனிவான். பதினைந்து வருஷப் பழக்கம், உடம்பு அவனைக் கேட்டா செய்கிறது? கோச் அதைப் பார்த்து, இடிக்கப் பயப்படுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். கழுத்தில் பட்டை மாட்டி, குனியாமல் ஓடு என்று விரட்டினார்களாம். பட்டை போட்ட பிறகு குனிவது நின்றது, ஆட்டமும் நின்றது. விறைத்துப்போய் நின்றான். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

கடைசிச் சோதனை ஆட்டத்துக்கு முந்தின நாள் எனக்கு வீடியோ கால் போட்டான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எக்கா, நாளையோட அனுப்பிருவாங்க போலுக்கு. பயந்தாங்கொள்ளின்னு சொல்லுதாரு கோச்சு."

எனக்கு வந்ததே கோபம்!

"யாருல பயந்தாங்கொள்ளி? நம்ம வாசல்ல குனிஞ்சு வாரியே, பயந்தா வார?"

"இல்லக்கா, அது வீடு..."

"வீடுன்னா வீடு மாதிரியே ஆடிட்டு வா. அந்தப் பட்டையக் கழத்தி வீசு. அனுப்புனா அனுப்பட்டும், மூட்டை தூக்கலாம், ஒண்ணும் கொறஞ்சு போவாது. ஆனா அடுத்தவன் சொன்னான்னு வெறச்சிக்கிட்டு நின்னு தோத்துட்டு வந்தேன்னு வையி, வாசல மிதிக்க விட மாட்டேன், பாத்துக்கோ."

அவன் சிரித்துவிட்டான். போனை வைத்த பிறகு நான் அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டம். பரணில் கால் தொங்கப்போட்டு சந்தே உட்கார்ந்திருந்தது. நஜிமுதீன் பாய் மெஷின்களை நிறுத்திவிட்டு அவரே வந்துவிட்டார். "அரே, ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டபடி நுழைந்தவர், நாங்கள் கத்தியதைக் காதில் வாங்காமல் சட்டென்று நிமிர்ந்து உத்தரத்தில் நன்றாக வாங்கிக்கொண்டார். அம்மா அவர் தலையில் தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். அப்பா போனைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்தார்.

வர்ணனை முழுக்கச் சீன மொழி, ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் புள்ளிக்கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதானே. எங்கள் அணி பின்தங்கியே வந்தது. தம்பி துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தான். கோச்சை நான் வைத வசவை இங்கே எழுதினால் அச்சுக்கூடம் ஒத்துக்கொள்ளாது. கடைசிக் கால் பகுதியில் அணியின் நெட்டை ஆட்டக்காரன் ஒருவன் ஃபவுல் கணக்கு மிஞ்சிப்போய் வெளியேற வேண்டியதாயிற்று. வேறு உயரமான ஆள் கிடையாது. கோச் தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் எழுந்தான். கழுத்தில் பட்டை இல்லை.

அவனுக்கு எதிரே நின்றவன் அவனைவிட ஒரு சாண் உயரம். கூடைக்குக் கீழே பந்து தம்பி கைக்கு வந்தது. வந்ததும் குனிந்தான். பரணிலிருந்து, தரையிலிருந்து, வாசலிலிருந்து அத்தனை பேரும் "தலை!" என்று கத்தினோம்.

முழங்கால் மடங்கினால் அடுத்து எம்புவான் என்றுதான் எவனும் நினைப்பான். அந்த உயரக்காரனும் அப்படியே நினைத்து, தடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளினான். தம்பி எம்பவில்லை. குனிந்தபடியே ஓர் அடி வைத்தான், ஒரு மூச்சு பொறுத்தான். மேலே போனவன் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது இவன் நிமிர்ந்து, எழும்பி, பந்தைக் கூடையில் சாவகாசமாக வைத்துவிட்டு வந்தான்.

"யாத்தே! நம்ம உத்தரம்!" என்று அப்பா துள்ளினார். அவர் துள்ளி நான் பார்த்ததே இல்லை.

மறுபடியும் குனிந்தான். மறுபடியும் அந்த உயரக்காரன் துள்ளினான், மறுபடியும் கூடை. அடுத்த தடவை உஷாராகி அவன் துள்ளாமல் நின்றான். தம்பி பொறுக்காமல் நேரே எழும்பி அவன் தலைக்கு மேலேயே போட்டான். அதற்கப்புறம் துள்ளுவதா நிற்பதா என்று அந்த ஆளுக்குப் புரியவே இல்லை, பாவம்.

கடைசி நொடிகளில் ஒரே ஒரு புள்ளி பின்னால். எங்கள் ஆள் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டு பேர் கை நீட்டினார்கள். தம்பி அந்தக் கைகளுக்குக் கீழே குனிந்து நுழைந்தான். நாங்கள் மூச்சே விடவில்லை. கைகளைத் தாண்டி அந்தப் பக்கம் நிமிர்ந்தபோது பந்து அவன் கையில் இருந்தது, அடுத்த நொடி கூடைக்குள் விழுந்தது. ஜெயித்தோம்! அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நஜிமுதீன் பாய் வீங்கிய தலையோடு ஆடினார், சந்து முழுக்கத் தட்டும் டப்பாவும் அலறின.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கால் வந்தது. பக்கத்தில் கோச், மொழிபெயர்க்க ஒரு பெண். இந்த ஏமாற்று வித்தையை எந்தப் பயிற்சி மையத்தில் கற்றுக்கொண்டான் என்று கோச் கேட்கிறாராம். தம்பி என்னைப் பார்த்து, "எக்கா, காட்டு" என்றான். நான் போனை வாசல் பக்கம் திருப்பினேன். சரியாக அந்த நேரம் அம்மா தண்ணீர்க் குடத்தோடு குனிந்து நுழைந்தாள். கோச் வாய்விட்டுச் சிரித்து, எழுந்து நின்று அந்த வாசலுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். சீசன் முழுக்க ஒப்பந்தம் அந்த வாரமே கையெழுத்தானது. இப்போது ஓட்டல் அறைக்குள் எவன் நுழைந்தாலும் அந்த அணியே "தலை!" என்று கத்துகிறதாம்.

போன வாரம் அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்தார். மகன் லீவுக்கு வருவதற்குள் வாசலை ஏழடிக்கு உயர்த்தி, உத்தரத்தையும் ஏற்றிப் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இனியாவது பிள்ளை நிமிர்ந்து வீட்டுக்குள் வரட்டும் என்றார். கொத்தனார் உளியை எடுத்ததும் அம்மா ஓடிப்போய் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? வாசல இடிச்சிட்டா, லீவுல எம்பிள்ள எங்க போயி பழகுவான்?"