தமுக்கடித்து வாங்கிய சம்மதம்

“சர்க்கார் உன்னைக் கேட்டுகினுதான் கிணறு வெட்டுமா?”

போன மாதம் என் மாமா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. “கேட்கத்தான் வேண்டும்!” என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு ஒன்று சாங்ஷன் ஆகியிருக்கிறது. கோடையில் ஏரிக்குள் இறங்கி, ஊற்று தோண்டிக் குடம் நிரப்புகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! ஆனால் தாலுகா போர்டு அதற்குப் பார்த்த இடம்...? கள்ளுக்கடைக்குப் பின்புறம்! பொழுது சாய்ந்தால் எந்தப் பெண் அங்கே குடத்தோடு போவாள்?

போர்டு ஓவர்சியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான்.

“ஊரைக் கேட்டோமே, அம்மா! ஆட்சேபணை உள்ளவர்கள் சாவடிக்கு வரலாம் என்று தமுக்குப் போட்டோம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எல்லாருக்கும் சம்மதம் என்று மேலே சொல்லிவிட்டேன்.”

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவிடம் விசாரித்தேன். “தமுக்குச் சத்தம் கேட்கவில்லையா?”

“கேட்டுச்சே! கேட்ட ஒடனே கதவைச் சாத்திகினு உள்ளே குந்திகினோம்.”

“ஏன் அக்கா?”

“இன்னாத்துக்குத் தமுக்கு அடிப்பானுங்க? ஒண்ணு வரி பாக்கிக்கு ஜப்தி. இல்லாங்காட்டி அம்மை குத்த வர்றான். உங்கம்மாவைக் கேளு... ஆட்டை உள்ளே இழுத்துகினு, அது கத்தக் கூடாதுன்னு வாயிலே தழையைத் திணிச்சா!”

அம்மா அதை மறுக்கவில்லை. “பின்னே? ஜப்திக்காரன் ஆட்டைத்தானே மொதல்ல புடிப்பான்?” என்றாள்.

நான் டீச்சர் டிரெயினிங்கில் இருப்பவள். மார்க் போடாமல் இருக்க முடியுமா? ஊரைக் கூப்பிட்டதற்காகப் போர்டுக்குப் பாஸ் போடலாம். ஆனால் வரி கேட்ட அதே குரலில் யோசனையும் கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? சத்தமில்லாத ஊரெல்லாம் சம்மதித்த ஊர் ஆகிவிடுமா?

ஓவர்சியரிடம் ஆட்டுக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “அப்படியானால் எப்படித்தான் கூப்பிடுவது?” என்றார்.

“கூப்பிட வேண்டாம். நீங்கள் வாருங்கள். நாளைக்கு நடவு; எங்கள் தெருவே வயலில்தான் இருக்கும்.”

வந்தார் – சைக்கிளும் குடையுமாக. வயலில் ஒருவர்கூட நிமிரவில்லை. இன்றைக்கும் பேசாவிட்டால் கிணறு கள்ளுக்கடைக்குத்தான்!

அப்போதுதான் முனியம்மா அக்கா வரப்பேறி, ஓவர்சியர் காலடியில் ஒரு நாற்று முடியை வைத்தார். நடவு வயலுக்குப் புது ஆள் வந்தால் எங்கள் பெண்கள் இப்படி நாற்றை வைத்து மறிப்பார்கள். வெற்றிலைக்குக் காசு கொடுத்தால்தான் வழி.

அவர் சட்டைப்பையைத் தடவினார். “சில்லறை இல்லையே...”

“காசு வேணாம் தொரே. கிணத்தை அந்தாண்ட தள்ளி வெட்டிட்டு, நீ தாராளமாப் போய்கினே இரு!”

வயல் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் ஆளுக்கு ஒரு குரல்!

“கோயில் பக்கம் வெட்டு தொரே!”

“எங்க ஊட்டாண்ட வெட்டச் சொல்லு,” என்றாள் அம்மா.

“ஆமா, உன் ஆட்டைக் குளுப்பாட்டவா?”

சண்டை போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் புறம்போக்கு என்று முடிவாயிற்று. இப்படியல்லவா இருக்க வேண்டும் பொதுஜன அபிப்பிராயம்?

ஓவர்சியர் குடையை மடக்கினார். “எனக்கும் அந்த இடம்தான் சரியென்று படுகிறது. ஆனால் என் சொல் மட்டும் போதாது. வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் போர்டு கூட்டம். ஊர்க்காரர்கள் நேரில் வந்து சொன்னால் மாற்றுவார்கள். ஆனால்... பெண்கள் யாரும் இதுவரை வந்ததில்லை.”

பூந்தமல்லிக்கு இரண்டு மாட்டு வண்டி பேசிவிட்டேன். கூட்ட ஹாலில் பொதுஜனங்களுக்கென்று ஒரே ஒரு பெஞ்சுதானாம் – அதனால் என்ன, வண்டியில் பாய்களை ஏற்றியாகிவிட்டது!