சலீமாவின் அட்டை

புதுச்சேரி என்ன, கடல் தாண்டி பிரான்சு வரை போய்த் தேடினாலும், காரின் இருமலை வைத்தே அதன் வியாதியைச் சொல்ல சலீமாவைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார். அவர் பேனட்டைத் திறந்தால் பக்கத்துத் தெரு வண்டிகள்கூட பயந்து ஒழுங்காக ஓடும். சலீமாவின் அக்கா மகள் அனம், நெல்லித்தோப்பு முழுக்கப் பரப்பி வைத்திருந்த செய்தி இது. பாதி பொய். மீதி உண்மைதான்.

தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த சலீமாவிடம் இருபத்தைந்து வயதான வெள்ளைக் கார் ஒன்று இருந்தது. சாயங்காலம் நிறுத்தியதும் அதன் அடியில் ஓர் அட்டையைச் செருகிவிடுவார். காலையில் டீயோடு வந்து குந்தி, பேப்பர் படிப்பதுபோல் அதைப் படிப்பார். வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கவலையில்லை. பச்சை என்றால் ரேடியேட்டர். சக்கரத்தருகே பிசுபிசுத்தால் பிரேக் ஆயில், அன்றைக்கு பஸ்தான். நடுவில் கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். ஒரு வண்டி இவ்வளவு பேசுமா என்று அனமுக்குத் தினமும் ஆச்சரியம்.

கம்பெனி ஓசூருக்கு மாறியது. வரச் சொன்னார்கள்.

"அட்டை சுத்தமா இருந்தா நாளைக்குக் கெளம்புறேன். இல்லன்னா வேலையே வேணாம்னு சொல்லிடுவேன்," என்றார் சலீமா.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும், கருப்பட்டியைக் கரியாகும்வரை காய்ச்சி, எஞ்சினுக்கு நேர் கீழே அனம் மூன்று சொட்டு வைத்தாள். அவசரத்தில் நாலாகிவிட்டது.

டீயோடு வந்த சலீமா, தலையைத் துவட்டியபடியே குந்தினார்.

"ஆயில் ஒழுவுது சாச்சி! ஓசூரு எங்க போவும், வில்லியனூரே தாண்டாது," என்றாள் அனம்.

சலீமா எழுந்தார். பேனட்டைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நேற்றைய கோட்டில்தான் நின்றது. திரும்பவும் குந்தினார்.

"ஏன் அனம், ஆயிலு எங்கேருந்து வரும்?"

"மேலேருந்துதான்."

"இதுக்கு மட்டும் சொவத்துலேருந்து எறும்பு வருதே?"

வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"நீ போயிட்டா அட்டைய யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள் அனம்.

சலீமா எறும்புகளைத் தட்டிவிட்டு, அட்டையை மடித்து டிக்கியில் வைத்தார்.

"வெள்ளிக்கிழம வருவேன். அப்ப நெசமாவே ஒழுவும், அட்டைய நீயே பாரு. இப்ப போயி மிச்சக் கருப்பட்டிய எடுத்துட்டு வா. வழிக்கு ஆவும்."