நாய்க்குட்டியின் உயரத்தில்

எங்கள் வீட்டை நான் முதன்முதலில் முழுதாகப் பார்த்தது தரையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான். நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது நடுவில் வந்த விடுமுறை அது. நாய்க்குட்டி ஒன்று வரப்போகிறது, அதற்குள் வீட்டைத் தயார்படுத்திவிட வேண்டும் என்று அம்மா முடிவு செய்திருந்தார்.

அம்மா தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரான பாயான் பாருவில், தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான் ஏதாவது ஒரு தொழிற்சாலை. வயிற்றில் கட்டி வந்து வேலையை விட்ட பிறகு, சோதித்துப் பார்க்க அம்மாவுக்கு வீடும் நானும்தான் மிஞ்சியிருந்தோம்.

"நின்னுக்கிட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. குட்டி எவ்ளோ உசரம் இருக்கும்? அந்த உசரத்துல போ. அது வாயில எதெல்லாம் போகுமோ அதெல்லாம் எனக்குச் சொல்லு."

அறையில் படுக்க மூச்சு முட்டுகிறது என்று அம்மாவின் கட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்து போட்டிருந்தோம். அதில் சாய்ந்தபடி அவர் கேட்க, நான் தவழ்ந்தபடி பதில் சொன்னேன். தொலைக்காட்சிக்குப் பின்னால் வயர். அப்பாவின் பழைய சிலிப்பர். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் எலி மருந்து. சாமி மாடத்துக்குக் கீழே எண்ணெய் குடித்த திரித்துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டேன். கடைசியாக அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போனேன்.

"ம்மா, இங்க முடி கெடக்கு. உருண்டை உருண்டையா."

மேலே கட்டில் கிறீச்சிட்டது.

"எடுத்துரு. குட்டி தொண்டையில சிக்கிக்கும்."

"மாத்திரையும் கெடக்கு."

"அதையும் எடு. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. இனிமே கீழ போடாம முழுங்குறேன். ஒங்க அப்பாகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. குட்டியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ரகசியம் காப்பது பெருமையாக இருந்தது.

பசார் சந்தையில் மீ நூடுல்ஸ் விற்கும் சீன ஆன்ட்டியின் நாய் குட்டி போட்டிருந்தது. காலில் வெள்ளை விழுந்த மண்ணிறக் குட்டியை எங்களுக்கென்று நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார் அம்மா. நான் பார்க்கப் போனபோது அதற்குக் கண்கூடத் திறக்கவில்லை. தாயை விட்டுப் பிரிக்கும் அளவுக்கு வளரட்டும் என்று ஆன்ட்டி சொல்லிவிட்டதால், எங்களுக்குத் தயாராக நேரம் கிடைத்தது.

அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை.

"இந்த நேரத்துல எதுக்குலா நாயி?"

"இந்த நேரத்துலதான் வேணும்," என்றார் அம்மா. அம்மா எதைக் கேட்டாலும் அப்பா மறுக்காத காலமாக அது இருந்தது. நான் நாய் கேட்டுப் பல வருடம் அழுதும் கிடைக்காதது இப்போது கிடைத்ததற்குக் காரணம் என் பரீட்சை மார்க்குதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாச்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணியிடம் நாய் வளர்ப்பது பற்றி அம்மா தானே போய்ப் பேசினார். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, வேலியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரும் மலாயில் வெகுநேரம் பேசினார்கள். நாயைப் பற்றிப் பேச அவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். முடிவில் மாச்சிக் வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க தொழுவுற வீடு. நம்ம நாயி அந்தப் பக்கம் மூக்கை நீட்டக் கூடாது," என்று சொல்லி, அம்மா அன்றைக்கே அப்பாவை வேலியில் தகரம் அடிக்க வைத்தார். குட்டியின் இடம் சமையலறைக்குப் பின்னால் என்று முடிவானது. படுக்க ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

வீடு முடிந்ததும் எங்கள் முறை வந்தது. குட்டிக்கு நேரத்துக்குச் சோறு வேண்டும் என்று எனக்குக் குக்கரில் அரிசி வைக்கக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் விரல் கணு வரைக்கும். கேஸை மூடிவிட்டு, மூடியதை இன்னொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். குட்டி ஓடிவிடாமல் இருக்க கிரில் கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்ட வேண்டும். அப்பா இரவு வேலைக்குப் போகும் நாளில் மட்டும் குட்டியை உள்ளே கொண்டுவந்து, மாச்சிக் வீட்டுச் சுவரை ஒட்டிய எங்கள் அறையில் படுத்து, பயமாக இருந்தால் சுவரைத் தட்ட வேண்டும்.

"குட்டிக்குத்தான் கடையில பிஸ்கட் விக்கிறாங்களேம்மா."

"சோறும் திங்கட்டும். மிஞ்சுனா நீ தின்னு."

அப்பாவுக்கும் பாடம் இருந்தது. குட்டி வளர்ந்தால் சடை விழும், தினமும் சீவிச் சிக்கெடுக்க வேண்டும், சீப்புப் பிடிக்கத் தெரியாத மனுசர் இப்போதே பழகட்டும் என்றார் அம்மா. பழக என் தலைதான் இருந்தது. பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் கை அப்பாவுக்கு. வகிடு எடுத்தால் அது காதுப் பக்கம் போய்ச் சேரும்.

"வலிக்குதுப்பா."

"ஆடாம இரு."

"நீங்க மேலருந்து இழுக்கறீங்க," என்பார் அம்மா கட்டிலில் இருந்து. "நுனியில ஆரம்பிங்க. அப்பறம் மேல போங்க. நாய்னா இந்நேரம் கடிச்சிருக்கும்."

அவர் தலையில் துண்டு கட்டியிருப்பார். சிரித்தால் வயிறு வலிக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார். மூன்று பிரி பின்னல் கைவந்த அன்று சீப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனவர், மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறேன் என்று இருட்டும் வரை உள்ளே வரவில்லை.

பள்ளி திறந்து சில நாளில், பள்ளி வேன் எங்கள் வீட்டருகே வந்து நின்றபோது வாசல் நிறையச் சிலிப்பர்கள் கிடந்தன. மாச்சிக் ஓடிவந்து என் பள்ளிப் பையை வாங்கிக்கொண்டார். குட்டி தின்றுவிடப் போகிறதே, இவ்வளவு சிலிப்பரையும் யார் எடுத்து வைப்பது என்று நான் நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

செபராங் ஜெயாவிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, எங்களோடு தங்கினார். அம்மாவைக் கொண்டுபோன பிறகு வீட்டை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். மெத்தையைத் தூக்கி வெளியே போட்டார். மறுநாள், பின்பக்கம் இருந்த குட்டியின் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கொடுத்துவிடுவதற்காக அம்மாவின் சேலைகளை அதில் அடுக்கினார். அப்போதுதான் நான் கத்தி அழுதேன். அது குட்டி படுக்கும் பெட்டி, அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்று அதைப் பிடித்து இழுத்தேன்.

"பெத்தவளுக்கு அழுவாத புள்ள பெட்டிக்கு அழுவுது பாரு," என்று வந்திருந்தவர்களிடம் சொன்னார் அத்தை.

அன்று மாலை சீன ஆன்ட்டியே எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. பசாரில் நாய் பிடிக்கும் லோரி சுற்றுகிறது, மற்ற குட்டிகளைக் கொடுத்தாகிவிட்டது, இதை இனி மறைத்து வைக்க முடியாது, இன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மலாயில் சொன்னார். என்னைப் பார்த்து, "கெசியான் லா," என்றார். பாவம் என்று அர்த்தம். குட்டியைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

அத்தை அப்பாவை மறித்தார். "கருமாதி முடியல தம்பி. தீட்டு வீடு. புதுசா ஒரு உசுர உள்ள கொண்டாரலாமா? வேற யாராச்சும் எடுத்துக்கட்டும். நாய்க்கா பஞ்சம்?"

அப்பா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலின் வெறும் பலகையில் வைத்தார். மடிப்புக் கலையாமல் வைத்தார். காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இது அவ ஆரம்பிச்ச வேலை, அக்கா. முடிக்காம விட்டா ஏசுவா."

மோட்டார் போகும் சத்தம் கேட்டது. அது திரும்பி வரும் வரை நான் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை அப்பா பின்வாசல் படியில் சீப்போடு உட்கார்ந்தார். பள்ளிச் சீருடையில் நான் குட்டியைத் தூக்கிவந்து அவர் மடியில் விட்டேன். சீப்பு அதன் முதுகில் ஒரு முறை வழுக்கிக்கொண்டு போனது. சிக்கிக்கொள்ள அங்கே எதுவுமில்லை. வெல்வெட்டுத் துணி போல ஒட்டிக்கிடந்த முடி. அதன் தாயும் அப்படித்தான் இருக்கும். பசாருக்கு வாரம் தவறாமல் போன அம்மா அந்தத் தாயைப் பல வருடமாகப் பார்த்தவர்.

"இதுக்கு சடையே விழாதுபோலப்பா."

அப்பா குட்டியைக் கீழே விட்டார். சீப்பைச் சட்டையில் துடைத்தார்.

"நீ வா," என்றார்.

நுனியிலிருந்து ஆரம்பித்தார். வலிக்கவில்லை. குட்டி என் காலில் இருந்த சப்பாத்தின் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. பின்னி முடித்து ரப்பர் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அவர் கை பின்னலை விடவில்லை.

அன்று வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண் யார் பின்னிவிட்டது என்று கேட்டாள். எங்கள் அப்பா, நாய்க்குட்டிக்காகப் பழகியது என்றேன். ஆனால் எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடாத அம்மா, இந்தக் குட்டியின் முடியை மட்டும் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டாரே என்று.